சாலைக்குப் புது எண் கொடுங்கள், பழைய எண்ணையும் கொஞ்ச காலம் விட்டு வையுங்கள்

கேரளப் பொதுமராமத்துத் துறை, தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ் பேசும் ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து மக்களுக்குச் சந்தை பொள்ளாச்சியில், பெரிய ஆஸ்பத்திரி கோவையில், அரசாங்கக் காரியம் பாலக்காட்டில். காலையில் ஒரு மாநிலச் சாலை, மதியம் இன்னொரு மாநிலச் சாலை என்று போய்வருகிற எங்களுக்குச் சாலை எண் சின்ன விஷயமில்லை.

எண்ணை ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்க வரவில்லை. காரணம் இருக்கிறது, அது நல்ல காரணமும்கூட. 2010இல் தேசிய நெடுஞ்சாலைகள் அத்தனைக்கும் எண் மாற்றினார்கள். வடக்கு தெற்காகப் போகும் பெருஞ்சாலைகளுக்கு இரட்டைப்படை எண், கிழக்கிலிருந்து மேற்கே வர வர எண் கூடும். கிழக்கு மேற்காகப் போவதற்கு ஒற்றைப்படை, வடக்கிலிருந்து தெற்கே கூடும். கிளைச்சாலைக்கு மூன்று இலக்கம், கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையினுடையது. அப்படித்தான் சேலத்தில் 44இலிருந்து பிரிந்து வாளையாறு வழியாக வரும் எங்கள் பழைய 47, 544 ஆனது. கொச்சி இடப்பள்ளிக்குத் தெற்கே அதே 47 இப்போது 66. பாலக்காடு – கோழிக்கோடு 213 என்பது 66இன் கிளையாக 966 ஆனது. பொள்ளாச்சி வழியாகத் திண்டுக்கல் போகும் 209, 83 ஆனது. எண்ணைப் பார்த்தே சாலையின் திசை தெரிகிற ஏற்பாடு இது. யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

மாநில நெடுஞ்சாலைக்கு எண் மாறும் கதை வேறு. ஒன்றிய அரசு அதைத் தேசிய நெடுஞ்சாலையாக அறிவித்தால் மாநில எண் போய்விடும். நடுவில் ஒரு துண்டு மட்டும் போனால் மிச்சத்தைப் பக்கத்துச் சாலையோடு சேர்த்து வேறு எண் கொடுக்க வேண்டிவரும். புறவழிச்சாலை வந்தால் ஊருக்குள் இருக்கும் பழைய பாதை வகை இறங்கும். நெடுஞ்சாலை ஓரம் 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்ன பிறகு, சில மாநிலங்களில் மதுக்கடைகளைக் காப்பாற்ற நெடுஞ்சாலைகளையே வகை இறக்கிச் சாதாரணச் சாலையாக ஆக்கினார்கள். சாலையில் நடந்துபோகிற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது செய்த அநியாயம் என்றே சொல்வேன்.

எல்லையில் இன்னொரு சங்கடம் உண்டு. மாநில நெடுஞ்சாலை எண்களுக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப்பட்டியல். மூணாறு – உடுமலைப்பேட்டை சாலை கேரளத்துக்கு மாநில நெடுஞ்சாலை 17. எல்லையிலுள்ள சின்னாறு தாண்டினால் அந்த எண் செல்லாது. தமிழ்நாடு 17 என்ற எண்ணைக் கொடுத்திருந்தது எங்கோ ஓசூர் வழியாக அதியமான்கோட்டைக்குப் போன சாலைக்கு.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் ஆதாரத்தில் (நிலப் பத்திரத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) தெற்கு எல்லை ‘47ஆம் நம்பர் ரோடு’ என்று இருக்கிறது. கடன் வாங்கப் போன இடத்தில், வரைபடத்தில் 544தான் இருக்கிறது, இரண்டும் ஒரே ரோடுதான் என்று எழுதி வாங்கி வா என்று திருப்பி அனுப்பினார்கள். யாரிடம் எழுதி வாங்குவது என்று அந்த அலுவலகத்திலும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் நின்றால் மைல்கல் தெரியும். 544 என்று எழுதிய மஞ்சள் பெயிண்டுக்கு அடியில் 47இன் தடம் இன்னும் மங்கலாக இருக்கிறது. அந்தக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய்க் காட்ட முடியாதே!

இதைவிடப் பெரிய பயம் நிலம் எடுப்பது. 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும். அறிவிப்பின் சாரம் உள்ளூர்ப் பத்திரிகைகள் இரண்டில் வரும், ஒன்று வட்டார மொழியில். எங்கள் பக்கம் அது மலையாளம். மலையாளம் சரளமாகப் பேசினாலும் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இங்கே நிறைய. யாராவது படித்துச் சொன்னாலும், தலைப்பில் இருக்கும் புது எண் தன் தோட்டத்து ரோடுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்து விசாரிப்பதற்குள் 21 நாள் ஓடிவிடும்.

எனவே கேட்கிறோம். எண் மாறிய சாலையில், பலகையிலும் மைல்கல்லிலும் ‘பழைய எண்’ என்று ஐந்து வருடமாவது சேர்த்து எழுதுங்கள். எந்த எண் எதுவாக மாறியது, எந்த ஊரிலிருந்து எந்த ஊர்வரை என்ற பட்டியலை வில்லேஜ் ஆபீசிலும் பஞ்சாயத்திலும் ஒட்டுங்கள். ஆதாரத்தோடு இணைக்க முத்திரையிட்ட நகலாகவும் கிடைக்கட்டும். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பட்டியல் தமிழிலும் வேண்டும். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் எல்லைகளில், அந்தப் பக்கத்துச் சாலைக்கு என்ன எண் என்பதை இரண்டு துறையும் பேசி ஒரே பலகையில் போடுங்கள்.

வாளையாற்றிலிருந்து தொடங்கினாலும் சரி, மீனாட்சிபுரத்திலிருந்து தொடங்கினாலும் சரி. பழைய ஆதாரங்களைத் திரட்டி, எந்தச் சர்வே எண் எந்தச் சாலையோரம் என்று சொல்ல எங்கள் ஊர்க்காரர்கள் தயார். ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகா எல்லையோரத் தமிழர் ஒருவர்