இரண்டாவதாக ஓடியவர்

வெம்பிளி, லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது, மாலை நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஓட்டப்பந்தயத்தில் தொடங்கி போர்முனை, ராஜதந்திரம், அமைச்சர் பதவி என்று போன வெள்ளைக்காரர் யார் என்று கேட்டிருந்தீர்கள். பிலிப் நோயல்-பேக்கர். ஒலிம்பிக் பதக்கமும் நோபல் பரிசும் வாங்கிய ஒரே ஆள். ஆனால் அவர் துப்பாக்கி ஏந்தியவர் அல்ல. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம், போரில் ஆயுதம் எடுப்பது அவர்கள் வழியில் கிடையாது. சிப்பாய் என்ற பெயர் பொருந்துவது அவரோடு பிரிட்டனுக்காக ஓடிய ஆர்னால்ட் ஜாக்சனுக்கு. இந்த இருவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியும்.

ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக், 1912 ஜூலை 10. 1500 மீட்டர் இறுதியில் 14 பேர், அதில் 7 பேர் அமெரிக்கர்கள். ஏழு பேர் ஒரே சட்டையில் ஓடினால் என்ன ஆகும் என்று பி.டி. மாஸ்டரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் இருவர், பக்கத்தில் ஒருவர் அடைத்துக்கொண்டால் உள்கோட்டில் இருப்பவனுக்கு வழியே இல்லை. விலகி வெளியே வந்தால் தூரம் கூடும்: ஒரு மீட்டர் தள்ளி ஒரு முழுச் சுற்று ஓடினால் 6 மீட்டருக்கு மேல் அதிகம். அன்றைய வேகத்தில் அது ஒரு விநாடி. ஜாக்சன் வென்றது 3 நிமிடம் 56.8 விநாடியில், அடுத்த இரண்டு அமெரிக்கர்களுக்கும் 3 நிமிடம் 56.9. ஒரு விநாடி எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

அந்த வழியை ஜாக்சனுக்குப் பார்த்துக் கொடுத்தவர் பேக்கர். தன் பதக்க வாய்ப்பை விட்டுவிட்டுத் துணைக்கு ஓடி, ஆறாவதாக வந்தார். அந்தப் பந்தயத்தின் சராசரி 400 மீட்டருக்கு 63 விநாடி. துணைக்கு ஓடுகிறவன் முதல் சுற்றில் இரண்டு விநாடி அதிகம் இழுத்தாலும் போதும், பின்னால் வருகிறவனுக்குக் கடைசி 300 மீட்டரில் கால் கட்டிப்போகும். அடக்கி ஓடினாலோ, கடைசி வேகம் உள்ள எதிராளிக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. இது தெரிந்தவன் அபூர்வம். 1920-ல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் திரும்பவும் அதே வேலை. சக பிரிட்டன் வீரர் ஆல்பர்ட் ஹில் 1500 மீட்டரில் 4 நிமிடம் 1.8 விநாடியில் தங்கம். அவர் பின்னாலேயே பேக்கர் வெள்ளி. ஹில் 800 மீட்டர் தங்கத்தை முடித்து இரண்டே நாள் ஆகியிருந்தது.

பழைய முடிவுப் பட்டியலில் தேடினால் ‘பி. ஜே. பேக்கர்’ என்று பாருங்கள். நோயல் என்பது மனைவியின் குடும்பப் பெயர், பிறகுதான் சேர்த்துக்கொண்டார். ஜாக்சனும் பிற்பாடு ஸ்ட்ரோட்-ஜாக்சன் ஆனார். இது தெரியாமல் தேடினால் இரண்டு பேருமே கிடைக்க மாட்டார்கள்.

இதற்கு நடுவே, 1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் ஜாக்சன், பேக்கர் இருவர் பாதையும் பிரிந்தது. ஜாக்சன் காலாட்படையில் சேர்ந்து, டி.எஸ்.ஓ. என்ற வீர விருதை நான்கு முறை வாங்கி, 27 வயதில் தற்காலிக பிரிகேடியர் ஜெனரல் ஆனார். பட்ட காயம் அவர் ஓட்டத்தை அதோடு முடித்துவிட்டது. பேக்கர் குவேக்கர் இளைஞர்களைத் திரட்டி ஆம்புலன்ஸ் படை அமைத்தார். 1914 அக்டோபர் 31-ல் முதல் குழு கப்பலேறியது: 43 ஆட்கள், 8 வண்டிகள். வழியிலேயே நீர்மூழ்கியால் தாக்கப்பட்ட ஹெர்மிஸ் போர்க்கப்பலின் மாலுமிகளைக் கடலிலிருந்து தூக்க வேண்டியதாயிற்று. டன்கர்க்கில் இறங்கினால் ரயில்வே சரக்குக் கொட்டகைகளில் காயம்பட்டவர்கள் குவிந்து கிடந்தார்கள். பிறகு 1915 முதல் இத்தாலியின் மலை முனையில் வேறொரு ஆம்புலன்ஸ் பிரிவு. தலைவர் வரலாற்றாசிரியர் டிரெவெல்யன், பேக்கர் அவருக்கு அட்ஜுடன்ட், அதாவது நிர்வாக உதவி அதிகாரி. இங்கேயும் இரண்டாம் இடம். இத்தாலி அரசு அவருக்கு வீரப் பதக்கம் கொடுத்தது.

1919-ல் பாரிஸ் சமாதான மாநாட்டுக்கு ஜாக்சனும் போனார், பேக்கரும் போனார். பேக்கர் பிரிட்டிஷ் அரசியல்வாதி ராபர்ட் செசிலுக்கு உதவியாளராக இருந்து, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) விதிகளை எழுதும் வேலையில் இறங்கினார். அடுத்து நார்வேக்காரர் நான்சனுக்குக் கைத்துணை. பல நாடுகளில் சிக்கிக் கிடந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை ஊர் சேர்த்தது நான்சனின் அந்த ஏற்பாடுதான். பின்னர் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சராக இருந்த ஆர்தர் ஹெண்டர்சனுக்கு உதவி, ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாடு வரை. நோபல் சமாதானப் பரிசுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: நான்சன் 1922, ஹெண்டர்சன் 1934, செசில் 1937. மூவருக்குமே இவர் துணைக்கு ஓடியிருக்கிறார். இவருடைய முறை 1959-ல் வந்தது.

அமைச்சர் வாழ்க்கையைப் பற்றி அவ்வளவு பெருமையாக எழுத முடியவில்லை. 1929-ல் கவென்ட்ரியில் ஜெயித்து, 1931-ல் தோற்று, 1936-ல் டெர்பியில் நுழைந்து 1970 வரை நாடாளுமன்றத்தில் இருந்தார். 1946-ல் பிரதமர் அட்லி அவரை விமானப் படைத் துறைக்குப் போட்டார். ஆயுதக் குறைப்பு பேசியவர் கையில் குண்டுவீச்சு விமானங்கள்! 1947 அக்டோபரில் காமன்வெல்த் உறவுத் துறை. நம் ஆட்களுக்கு முக்கியம் இந்தக் காலம்தான். இலங்கை விடுதலை 1948 பிப்ரவரி 4, இவர் பொறுப்பில் இருந்தபோது. அதே ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியபோது லண்டன் கை அங்கே நீளவில்லை. காஷ்மீர் விவகாரம் ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குப் போனதும் இவரே போய் வாதாடினார். பாகிஸ்தான் பக்கம் சாய்கிறார் என்று இந்தியா கொதித்தது, அட்லியே கடிவாளம் இழுக்க வேண்டி வந்தது. என் கணிப்பு: முன்னால் தனியாக ஓட விட்டபோது அவருக்கு வேகம் கணக்கிடத் தெரியவில்லை. 1950-ல் எரிபொருள், மின்சக்தித் துறைக்கு மாற்றினார்கள். அமைச்சரவைக்கு வெளியே இருந்த பதவி, அதாவது இறக்கம்.

ஆனால் 1948 ஒலிம்பிக்கை அரசு சார்பில் ஒப்படைத்தது இவரிடம். அதில் குறை சொல்ல முடியாது. ரேஷன் காலம். புது மைதானம் கட்டவில்லை. நாய்ப் பந்தயம் நடந்த வெம்பிளி மைதானத்தில் கரித்தூள் தடம் போட்டார்கள். வீரர்களுக்கு அக்ஸ்பிரிட்ஜ், வெஸ்ட் டிரேட்டன் விமானப் படை முகாம்கள். சாதாரண ஆளுக்கு 2,600 கலோரி கிடைத்த நாளில் அவர்களுக்குத் துறைமுகக் கூலிகளின் அளவு: 5,467. ஸ்டேஷனிலிருந்து மைதானத்துக்குப் போகும் அகன்ற பாதையைப் போட ஜெர்மன் போர்க்கைதிகளையும் வேலை வாங்கினார்கள். கைதிகளை வீடு சேர்க்க நான்சனோடு உழைத்தவர் அதை எப்படி ஏற்றாரோ! இந்த மைதானத்தில்தான் டங்கன் வைட் 400 மீட்டர் தடைதாண்டலில் 51.8 விநாடியில் இலங்கைக்கு முதல் பதக்கம் வாங்கியதும், ஆகஸ்ட் 12-ல் இந்தியா பிரிட்டனை ஹாக்கியில் 4-0 என்று அடித்ததும். பழைய மைதானத்தை இடித்துவிட்டார்கள். பாதை இருக்கிறது, பெயர் ஒலிம்பிக் வே.

ஆவணம் பார்க்க இந்த ஊரில் காசு வேண்டாம். கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் வாசகர் அட்டைக்குப் பெயருக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என இரண்டு அத்தாட்சி போதும். கோப்பை முன்கூட்டியே கேட்டு வைத்தால் போனதும் கையில் கிடைக்கும். பேனா கூடாது, பென்சில்தான்; பையை லாக்கரில் விட வேண்டும்; போனில் படம் எடுக்கலாம். அமைச்சரவைக் கூட்டக் குறிப்புகள் சிஏபி (CAB) 128 வரிசை; அதை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பேக்கரின் காமன்வெல்த் துறைக் கோப்புகள் டிஓ (DO) என்று தொடங்கும். அவருடைய சொந்தக் காகிதங்கள் கேம்பிரிட்ஜ் சர்ச்சில் கல்லூரியில். அங்கே முன்பதிவு இல்லாமல் போகக் கூடாது.

முதலில் எதைப் படம் எடுத்து அனுப்பட்டும் என்று எழுதுங்கள். காஷ்மீர் என்றால் 1948 ஜனவரி முதல் ஏப்ரல் வரை. குடியரசாகப் போகும் இந்தியா காமன்வெல்த்தில் நீடிக்க வழி செய்த விவகாரம் என்றால் 1949 ஏப்ரல். இரண்டையும் ஒரே நாளில் கேட்டால் கோப்புகள் குவிந்து ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது.

சித்திக்கு என் வணக்கம்.

உங்கள் அன்புள்ள,
அண்ணன் மகள்