செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் நம் புகைப்படச் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களில் டிசம்பர் மட்டும் மழையால் நின்றுபோனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது, இந்த ஆண்டு நாம் இணையத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட விதம் பற்றி.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம்?" என்றுதான். முன்பெல்லாம் ஆளாளுக்குத் தங்கள் கையில் இருக்கும் கம்பெனியைச் சொல்வோம். இந்த முறை புரொஜெக்டரில், கேமராக்களைச் சோதித்து எழுதும் டிபிரிவ்யூ தளத்தைத் திறந்து வைத்தோம். ஒரே காட்சியை ஒரே வெளிச்சத்தில் பல கேமராக்களில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள ஃபுல் ஃபிரேம்தான் வேண்டும் என்று வந்த கல்லூரி மாணவி ஒருவர், அதில் ஒரு ஃபுல் ஃபிரேம் கேமராவையும் சிறிய சென்சார் உள்ள, அதாவது கிராப் சென்சார் கேமரா ஒன்றையும் ஒப்பிட்டார். இருட்டில் எடுக்க உயர்த்தி வைக்கும் ஐஎஸ்ஓ 6400இல் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. நல்ல வெளிச்சத்துக்குப் போதுமான ஐஎஸ்ஓ 400இல் எது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. உடன்குடிப் பக்கம் பனையேறிகளைக் காலை வெயிலில் எடுக்கப் போகிறவர் அவர். சரி, கிராப் சென்சார் போதும் என்று முடிவு செய்து, மிச்சப் பணத்தில் நல்ல லென்ஸ் வாங்கினார். இந்த ஆண்டில் எனக்கு மிகவும் நிறைவு தந்த கூட்டம் அதுதான்.

லென்ஸிலும் ஒரு பாடம் படித்தோம். எல்லோரும் சொல்கிறார்களே என்று 50 எம்.எம். லென்ஸ் வாங்கிய உறுப்பினரால், கல்யாண வீட்டு அறையில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றும் குடும்பத்தை ஃபிரேமுக்குள் கொண்டுவர முடியவில்லை. கிராப் சென்சாரில் அது கிட்டத்தட்ட 75 எம்.எம். போல நெருக்கிக் காட்டும். வீட்டுக்குள் எடுக்க 35 எம்.எம்.தான் வசதி.

அடிப்படைப் பாடத்துக்கு, பேராசிரியர் மார்க் லெவாய் ஸ்டான்ஃபோர்டில் நடத்தி வந்து 2016இல் கூகுளில் மறுபடி எடுத்த வகுப்புகளின் காணொளிகளைப் பார்த்தோம், இலவசம். கேம்பிரிட்ஜ் இன் கலர் தளத்தின் கட்டுரைகளையும் படித்தோம். எல்லாம் ஆங்கிலம் என்பதால் இளைஞர்கள் வாசித்துத் தமிழில் சொன்னார்கள். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சர் பற்றிய பாடத்தன்று, தையல்கடை வைத்திருக்கும் நம் மூத்த உறுப்பினர், "எண் சின்னதானா துளை எப்படித் தம்பி பெருசாகும்?" என்று கேட்டார். அப்பர்ச்சர் எண் என்பது வகுக்கும் எண், 50 எம்.எம். லென்ஸை 2ஆல் வகுத்தால் 25 மில்லிமீட்டர் துளை, 4ஆல் வகுத்தால் பன்னிரண்டரை என்று விளக்கினோம். அடுத்த கூட்டத்துக்கு அவர் அந்த அளவிலேயே காலர் அட்டையில் இரண்டு வட்டம் வெட்டிக் கொண்டுவந்தார். சின்ன வட்டத்தைப் போல நான்கு பங்கு பரப்பு பெரியதில் இருக்கிறது. அதனால் வெளிச்சமும் நான்கு பங்கு. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/100 நொடியிலிருந்து 1/400 நொடியாகக் குறைக்கலாம். அந்த அட்டைகள் இப்போது நம் பீரோவில் இருக்கின்றன. புதியவர்களுக்கு அவற்றைக் காட்டித்தான் தொடங்குகிறோம்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போவதற்கு முன், படங்களைப் பகிரும் ஃப்ளிக்கர் தளத்தில் சங்குவளை நாரைப் படங்களைத் தேடி, ஒவ்வொன்றும் எந்த லென்ஸில், எந்த ஷட்டரில் எடுத்தது என்று குறித்துக்கொண்டோம். பறக்கும் பறவைக்கு 1/1000க்குக் குறையக் கூடாது, லென்ஸ் 400 எம்.எம். ஆவது வேண்டும் என்று புரிந்தது. இருந்த ஒரே பெரிய லென்ஸை முறை வைத்து மாற்றிக்கொண்டோம். ஆனால் கேமராவோடு வரும் சாதாரண கிட் லென்ஸ் மட்டும் வைத்திருந்தவர் எடுத்த படம்தான் இதோ இந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது. மேலே மரத்தில் கூழைக்கடாவின் கூடு, கீழே முற்றத்தில் பாத்திரம் துலக்கும் அம்மா. தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் பறவைகளைக் காக்கிற ஊர் அது. படத்துக்காகக் கூட்டின் பக்கம் போனவர் நம்மில் ஒருவரும் இல்லை என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

வருத்தமான செய்தி ஒன்று. இணையத்தில் பழைய லென்ஸ் வாங்கிய உறுப்பினருக்கு உள்ளே பூஞ்சை படிந்த லென்ஸ் வந்தது, பணம் திரும்பவில்லை. இனி நேரில் பார்த்தே வாங்குங்கள். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து போன் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் வேண்டாம். பூஞ்சை வராமல் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சங்கத்தில் மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறோம், கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம், நாம் கையால் எழுதி வரும் பாட நோட்டு விஷயம். 1998இல் தொடங்கிய டிபிரிவ்யூவை மூடப்போவதாக 2023 மார்ச்சில் அமேசான் அறிவித்தது. வேறு நிறுவனம் வாங்கியதால் ஜூனில் தப்பியது. அந்த மூன்று மாதம் எனக்கு இருந்த பதைப்பில் தோன்றியதுதான் இந்த நோட்டு. படித்ததை நம் தமிழில், நாம் எடுத்த படங்களோடு எழுதி வருகிறோம். இதுவரை இரண்டு நோட்டு நிறைந்திருக்கிறது. மூன்றாவதில் டார்க்டேபிள், ஜிம்ப் ஆகிய இலவச மென்பொருள்களில் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்தபடியே தரும் படக் கோப்பைச் சரிசெய்வது பற்றி எழுதுகிறோம். கையெழுத்து நன்றாக உள்ள இருவர் தேவை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், புரொஜெக்டரைச் சுமந்து வந்த இளைஞர்களுக்கும் நன்றி கூறி, இந்த அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்