பேச்சுக் குழறலுக்கு ஒரே பயிற்சி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பேச்சு குழறினால் "நாக்குக்குப் பயிற்சி கொடுங்கள், பலூன் ஊதுங்கள்" என்று எல்லோருக்கும் ஒரே யோசனை சொல்லப்படுகிறது. எந்த நரம்பு பழுது என்று பார்க்காமல் தொடங்கும் பயிற்சி பலருக்கு வீண், சிலருக்குக் கெடுதல்.

மூளைத்தண்டிலிருந்து தசைக்கு நேராக வரும் நரம்பு பழுதானால் தசை இறுகாது, தொய்ந்து நாளடைவில் சூம்பும். முகத் தசைகளை இயக்கும் ஏழாவது கபால நரம்பு (மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் நரம்புகளில் ஒன்று) என்றால் உதடு மூடாமல் ப, ம குலையும். அந்தப் பக்க நெற்றியும் சுருங்காது; நெற்றி சுருங்கி வாய் மட்டும் திடீரெனக் கோணினால் மூளைப் பாதிப்பாக இருக்கலாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். நாக்கை இயக்கும் பன்னிரண்டாவது நரம்பு கெட்டால் ட, ர, ல, ழ தெளியாது. நீட்டிய நாக்கு வலுவிழந்த பக்கமே சாயும்.

அதிகம் தவறவிடப்படுவது பத்தாவது நரம்பு. அதன் மேல் கிளை கெட்டால் மெல்லண்ணம் (வாயின் மேற்கூரையின் மென்மையான பின்பகுதி) உயராது, காற்று மூக்கில் கசியும், "பாப்பா" என்பது "மாமா" போல ஒலிக்கும். மூக்கின் கீழ் சிறு கண்ணாடியைப் பிடித்து "பாப்பா" சொல்லச் சொன்னால் இவர்களுக்கு ஆவி படியும்; இயல்பான பேச்சில் படியக் கூடாது. ஊதும் பயிற்சி இதைச் சரிசெய்வதில்லை. பல் மருத்துவர் செய்து தரும், மெல்லண்ணத்தை உயர்த்திப் பிடிக்கும் அண்ணத் தாங்கி சிலருக்கு உதவும். கீழ்க்கிளை கெட்டால் ஒரு குரல்நாண் அசையாமல் நின்று, குரல் காற்றாகப் போகும். இடப்பக்கக் கிளை நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றி மேலேறுகிறது. அதனால்தான் தைராய்டு அறுவை சிகிச்சை மட்டுமல்ல, நுரையீரல் கட்டியும் குரலைக் கெடுக்கும். கம்மல் மூன்று வாரம் தாண்டினால் குரல்வளையை உள்நோக்கிக் கருவியால் பார்த்தே ஆக வேண்டும். தொண்டை மாத்திரை சப்பிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

நரம்பும் தசையும் சேருமிடத்தில் கோளாறான மயஸ்தீனியா கிராவிஸ் வேறு மாதிரி. 1 முதல் 100 வரை உரக்க எண்ணச் சொன்னால் தொடக்கத்தில் தெளிவாக இருக்கும் பேச்சு போகப்போக மூக்கொலியாகிக் குழறும். சற்று ஓய்வெடுத்தால் திரும்பும். இவர்களுக்குத் தசை களைக்கும்வரை பயிற்சி தருவது பாதகம். மருந்து வேலை செய்யும் நேரத்தில், சிறு சிறு வாக்கியங்களாகப் பேசப் பழக்கலாம்.

குழறலோடு தண்ணீர் குடிக்கும்போது இருமலும் வந்தால், பேச்சுப் பயிற்சிக்கு முன்பே விழுங்கும் திறனைச் சோதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர்