வலி தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் பிறவியிலேயே வலி உணராத மனிதர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஸ்காட்லாந்தில் ஜோ கேமரான் என்ற அம்மாவுக்கு 66 வயதில் கையில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. வலி மாத்திரையே தேவைப்படாததால்தான் மரபணுவைச் சோதித்திருக்கிறார்கள். சரி, நல்ல செய்தி. ஆனால் கடைசியில் "இப்படிப் பிறந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்" என்று ஒரு வரி. அதற்கப்புறம் எனக்குக் காப்பி இறங்கவில்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல. எஸ்சிஎன்9ஏ என்ற மரபணு பழுதானால் வலி தெரியாது என்று 2006-இல் ஆய்வு வந்ததே, அதற்கு வழிகாட்டியவன் பாகிஸ்தானில் ஒரு பையன். தெருவில் கையில் கத்தியைக் குத்திக் காட்டியும் தீக்கங்கில் நடந்தும் காசு வாங்கியவன். 14 வயது நிறையும் முன்பே கூரையிலிருந்து குதித்துச் செத்துப்போனான். அதே குறையுள்ள மற்றப் பிள்ளைகள் நாக்கையும் உதட்டையும் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டவர்கள். ஸ்காட்லாந்து வரை போன கட்டுரையாளருக்குப் பாகிஸ்தான் எட்டவில்லை போலும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். என் மாமனாருக்குச் சர்க்கரை முற்றிப் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. நெல்லையப்பர் ஆனித் தேருக்கு வழக்கம்போலச் செருப்பில்லாமல் போய், உச்சி வெயிலில் ரத வீதியில் நின்றுவிட்டு வந்தார். தார்ச்சாலை சுட்டதே தெரியவில்லை. வீட்டுத் தரையில் அவர் நடந்த இடமெல்லாம் ஈரத் தடம் இருப்பதைப் பார்த்து, கால் கழுவிவிட்டுத் துடைக்கவில்லை என்று என் மனைவி சத்தம் போட்டாள். அது கொப்புளம் உடைந்த நீர். இரண்டு விரலை எடுத்தார்கள். இவரும் கொடுத்து வைத்தவர்தானா, ஐயா?

என் அக்காவுக்கு இதற்கு நேர்மாறு. சிறு வயதிலிருந்து பீடி சுற்றியவள். மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்கு இறங்கியபிறகு படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நார்க்கட்டிலின் கயிற்றைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை தடித்துப்போனது. கடும் வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின் மாத்திரை கேட்டால், "பழக்கமாகிவிடும்" என்றார் ஒரு டாக்டர். சாகக் கிடக்கிறவளுக்கு! மருந்துக் கடையில் என்னைப் போதைக்கு வந்தவன் மாதிரி மேலும் கீழும் பார்த்தார்கள். மார்ஃபின் அபினிலிருந்து எடுப்பதுதான்; மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசே உரிமம் கொடுத்து அபின் விளைவிக்கிற நாடு இது. மார்ஃபின் நோயாளிக்கு எளிதாகக் கிடைக்கட்டும் என்று 2014-இல் சட்டத்தையும் திருத்தினார்கள். முக்கூடலில் அந்தச் சட்டத்தை யாரும் பார்க்கவில்லை.

முக்கூடல் என்றதும் ஞாபகம் வருகிறது. மாவட்டம் பிரித்ததிலிருந்து எங்கள் ஊரைத் தென்காசியில் சேர்த்தே செய்தி போடுகிறீர்கள். திருத்தச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை. பீடிப் பெண்களின் கழுத்து வலி, முதுகு வலி பற்றி எழுதியதை நான்கு வரியாக நறுக்கி, மூட்டுவலித் தைல விளம்பரத்துக்குப் பக்கத்தில் போட்டீர்கள். அதற்கும் நன்றி சொல்லிக் கார்டு போட்டவன் நான்.

மரபணுவை வைத்து மருந்து வரப்போகிறதாம். வரட்டும். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் என்ற வலி மருந்துகூட அந்த ஆராய்ச்சியின் வழியில் வந்ததுதான். ஆனால் அனுமதி அறுவை சிகிச்சை போன்ற உடனடி வலிக்குத்தான். அக்கா மாதிரி மாதக்கணக்கில் துடிக்கிறவர்களுக்கு இன்றைக்கும் அந்தப் பழைய மார்ஃபின்தான் கதி.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை தருகிறார்கள். அக்கா காலத்தில் அது இல்லை. இப்போது இருப்பது எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? தொடக்க விழாப் படத்தைப் பெரிதாகப் போட்டீர்கள், அதோடு சரி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் எந்த ஆஸ்பத்திரியில் மார்ஃபின் மாத்திரை கிடைக்கும், என்றைக்குப் போக வேண்டும், வீட்டுக்கு வரச் சொல்ல யாரைக் கூப்பிட வேண்டும் என்று விசாரித்து வாரம் ஒருமுறை போடுங்கள். பாபநாசம் அணை நீர்மட்டம் போடுகிறீர்களே, அதற்குக் கீழே மூன்று வரி போதும். இடம் இல்லையென்றால் ராசிபலனில் என் ராசியை எடுத்துவிடுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஆ. சுடலைமுத்து,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.