மயிலிக்கும் குட்டிகளுக்கும் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

நேற்று மயிலியின் கடைசி நாய்க்குட்டியும் புது வீட்டுக்குப் போய்விட்டது. வீட்டில் சத்தமே இல்லை. அதனால்தான் இன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி எங்கள் மீட்புக் குழுவின் அக்காவுக்கு. 2015-இல் பினாங்கில் ரேபிஸ் என்ற வெறிநாய் நோய் கண்டறியப்பட்டதும் தெருநாய்களைப் பிடித்துக் கொன்ற கதையை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடம்தான் அக்கா தன் வீட்டுப் பின்கட்டில் நாய்களை வைத்துப் பார்க்கத் தொடங்கினார். குழு என்றால் இன்றும் நான்கைந்து பேரும் ஒரு பழைய வேனும்தான். ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் கால்வாய் ஓரத்தில் தெருநாய் மயிலி ஐந்து குட்டிகளோடு கிடந்தபோது, கொட்டும் மழையில் வந்து இறங்கியவர் அவர். "ரெண்டு மாசம் மட்டும் வச்சுக்கம்மா, குட்டிங்க பால் மறந்ததும் வீடு பார்த்திடலாம்" என்றார். சரி என்றேன்.

ஆறாவது வாரம், முதல் தடுப்பூசிக்கு இரண்டே நாள் இருக்கையில், சின்னவன் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரவுக்குள் வாந்தி, இரத்தபேதி. பார்வோ என்ற, நாய்க்குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய். மூடிய கிளினிக்கை எங்களுக்காகத் திறந்தார் டாக்டரம்மா. அவன் முன்கால் என் சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். மூன்றாவது முறைதான் நரம்பு கிடைத்தது. ட்ரிப் ஊசியை ஒட்டியபின், அந்தக் காலை உள்ளங்கையால் பொத்திச் சூடு கொடுத்தபடியே வெகுநேரம் நின்றார். மூன்றாம் நாள் விடியற்காலையில் அவன் போய்விட்டான். மற்ற நான்கும் பிழைத்தன என்றால், டாக்டரம்மா என்னை விடாமல் விரட்டியதால்தான். பார்வோ சோப்புக்குச் சாகாது, மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும். ஒரு பங்கு குளோராக்ஸ் ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரை, கிண்ணம், செருப்பு எல்லாவற்றையும் தினமும் கழுவினேன்.

பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அத்தை), உங்களுக்கு இதை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். நாயைத் தொடுவது உங்கள் வழக்கமில்லை. ஆனாலும் விடியற்காலை சுபுஹ் தொழுகை முடிந்ததும் என் கேட்டில் ஒரு பை நிறையப் பழைய பேப்பர் தொங்கும். குட்டிகளுக்கு நோய் வந்த வாரம் அது இரண்டு பையானது. நான் கேட்கவே இல்லை.

ஈரலுக்கு ஒரு நாளும் காசு வாங்காத கோழிக்கடை அண்ணனுக்கும், வேன் ஓட்டிய தம்பிக்கும் நன்றி.

குட்டிகளை எடுத்துக்கொண்ட நான்கு குடும்பங்களுக்கும் நன்றி. கேட், வேலி எல்லாம் பார்த்த பிறகே அக்கா குட்டியைக் கொடுத்தார். சங்கிலியில் கட்டித்தான் வைப்போம் என்ற ஒரு வீட்டை வேண்டாம் என்றார். அன்று எனக்கு வருத்தம்; இப்போது அப்படி நினைக்கவில்லை. கறுப்பு என்று எல்லோரும் தாண்டிப் போன பெண்குட்டியைத் தேடி பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து வந்த தம்பதிக்கு என் தனி அன்பு. ஊசி அட்டையில் அடுத்த தேதி எழுதியிருக்கிறது, மறந்துவிடாதீர்கள். வளர்ந்ததும் கருத்தடையும் செய்துவிடுங்கள்.

மயிலியை நான் அனுப்பவில்லை. பால் வற்றியதும் அவளுக்குக் கருத்தடை முடிந்தது, மாநகர் மன்ற உரிமமும் எடுத்தாகிவிட்டது. இதை எழுதும்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறாள்.

அக்கா, உங்கள் கூண்டைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தம்பியை வேனோடு அனுப்புங்கள். வரும்போது கூண்டுக்குள் யாராவது இருந்தாலும் பரவாயில்லை.