ஓடாவிமார் கட்டிய வள்ளத்துக்கு ஒரு கூரை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

ஐப்பசி பிறக்க இன்னும் ஆறு கிழமைகளே உள்ளன. மழை இறங்குவதற்குள் கொட்டகைக்குக் கூரை ஏறாவிட்டால், எங்கள் துறையில் ஓடாவிமார், அதாவது படகு கட்டும் தச்சர், கடைசியாகக் கட்டிய பெரிய வள்ளம் இன்னொரு மாரியைத் தாங்காது. வள்ளத்தின் அடிமரமான ஏராக்கட்டையில் கறையான் ஏறிவிட்டது. முன்பக்கமான அணியத்துப் பலகையில் விரலை வைத்தால் உள்ளே போகிறது.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போன பெருமை ஊரறிந்தது. எங்கள் ஓடாவிமார் கடல் கடக்கும் கப்பல் கட்டவில்லைதான். ஆனால் முகத்துவாரத்தில் மணல் ஏறி வாவியின் வாய் அடைபடும் மட்டக்களப்பில், ஆழமற்ற நீருக்கும் அலைக்கும் ஒருசேர ஈடுகொடுக்கும் வள்ளம் கட்டுவது சின்ன வித்தையா? வளைந்தே வளர்ந்த வேப்பங்கிளையைத் தேடி எடுத்து, வள்ளத்தின் விலா எலும்பு போன்ற வங்கு அறுத்தார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து, குங்கிலியம் என்ற மரப்பிசினை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார்கள். வரைபடம் கிடையாது, முழக்கோலும் கண்ணும்தான். 56 கிலோமீற்றர் நீண்ட வாவியில் நெல்லும் விறகும் கல்யாண வீட்டாரும் தோணியில் போய்வந்த காலம் அது. 2004 டிசம்பர் 26 அன்று கரையில் கிடந்தவற்றைக் கடல் கொண்டுபோனது. பிறகு நிவாரணமாகப் பைபர் படகுகள் வந்தன. அவற்றைக் குறைசொல்ல மாட்டோம், பலருக்குச் சோறு போட்டன. உளிகள்தான் துருவேறின.

தூணுக்கும் தளத்துக்கும் 740,000 ரூபாய், கூரைக்கு 620,000, வள்ளத்தைப் பழுதுபார்க்கும் மரத்துக்கும் கூலிக்கும் 500,000. மொத்தம் 1,860,000. கையில் சேர்ந்தது 1,135,000. குறை 725,000.

இதுவரை தந்தவர்களை மறக்க முடியாது. கருவாடு விற்று மாதம் தவறாமல் 500 ரூபாய் கட்டும் அம்மா, கல்வெட்டில் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லி வேம்பு அனுப்பிய காத்தான்குடி வர்த்தகர், சுவிஸில் இரவு வேலை செய்து பணம் திரட்டிய தம்பிமார், சீமெந்து மூட்டையைக் கூலி வாங்காமல் இறக்கிய லொறிக்காரர், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் கண்ணகை அம்மன் துணையிருப்பாள்.

மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறோம். கோயில் சடங்கில் ஒரே இரவில் வாணவேடிக்கைக்குக் காசு இறைத்தோமே, அப்போது எவரும் கைச்சுருக்கம் சொல்லவில்லை. ஓடாவியின் பேரன் என்று வெளிநாட்டில் பெருமை பேசுவோர் சிலரின் பெயர் இன்னும் எங்கள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் ஏறவில்லை. பெயர் சொல்ல மாட்டோம், அவர்களுக்கே தெரியும்.

ஞாயிறு தோறும் காலையில் கோயில் முன்றலில் பொருளாளர் இருப்பார். ஒரு தகரத்தின் விலை தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. பணமில்லாதோர் சனிக்கிழமை சிரமதானத்துக்கு மண்வெட்டியுடன் வரலாம்.

இங்ஙனம்,
வள்ளக் கொட்டகைக் குழுவினர்