ஞாயிறு மாலை: பாய் நெய்யும் அக்காவோடு மனம்விட்டு ஒரு பேச்சு

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு நம் மொட்டை மாடியில் கூடுகிறோம். பத்தமடையில் பாய் நெய்யும் அக்கா ஒருவரும், வில்லுப்பாட்டில் குடம் அடிக்கும் அண்ணாச்சி ஒருவரும் வருகிறார்கள். மேடை, சால்வை எதுவும் கிடையாது. இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தார்கள், வருமானம் போதுகிறதா, எது அவர்களை இன்னும் இதில் இழுத்துப் பிடித்திருக்கிறது என்று நேரடியாகப் பேசுவோம்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தண்ணீரில் ஊறிய கோரையைக் கத்தியால் நூல் போலக் கீறிக்கொண்டிருந்தார். பட்டுப்பாய்க்கு, அதாவது பட்டுப் போல நயமான கோரைப்பாய்க்கு, அத்தனை மெல்லிசாக வேண்டுமாம். விரல் நுனியெல்லாம் தழும்பு. பேசிக்கொண்டேதான் கீறினார், ஒன்றுகூடப் பிசகவில்லை. அந்தக் கையை நம் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

1. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளி இரவுக்குள் இங்கே சொல்லுங்கள்.
2. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். ஆளுக்கொரு கேள்வி எழுதி வரட்டும்.
3. படம் எடுக்கும் முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
4. பாய் வாங்குவோர் தயவுசெய்து பேரம் பேச வேண்டாம். ஒரு பட்டுப்பாய் முடிய வாரக்கணக்கில் ஆகிறது.
5. சுக்குக் காபி என் பொறுப்பு. அப்புறம், சுண்டலுக்கு இரண்டு வீட்டார் வேண்டும். யார் என்று சொல்லுங்கள்.